கமிஷன் வாங்காத தரகர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த சமயத்தில் தொடங்கியது இது. தேனிக்குப் பக்கத்தில், பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்றில் நான் வேதியியல் நடத்துகிறேன். பேச்சு என்றால் எனக்கு உயிர். குரலும் அதற்குத் தோதாகத்தான் அமைந்திருந்தது. எத்தனை பெரிய வகுப்பாக இருந்தாலும் மைக் பிடித்ததில்லை. "நீ பழனிசெட்டிபட்டியில நின்னு கூப்பிட்டா சின்னமனூர்த் தோட்டத்துல எனக்குக் கேக்குது. போனுக்கு எதுக்குத் தண்டமா ரீசார்ஜு?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் திராட்சைத் தோட்டக்காரர்.

அந்தக் குரல்தான் போய்விட்டது.

கழுத்தில் தைராய்டு கட்டி. டிசம்பர் விடுமுறையில் மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டேன். குரலுக்குப் போகிற நரம்பு கட்டியோடு ஒட்டிக் கிடக்கிறது, பாதிப்பு வரலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன். அதெல்லாம் அடுத்தவர்களுக்குத்தானே நடக்கும்! கண் விழித்து "தண்ணி" என்று கேட்டால் வாயிலிருந்து வெறும் காற்று வந்தது. ஒரு பக்கத்துக் குரல்நாண் அசையவில்லையாம். ஆறு மாதத்தில் சரியாகலாம், ஒரு வருடமும் ஆகலாம், அப்படியே நின்றும் போகலாம் என்றார்கள். சில பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நான் கிசுகிசுத்தால் எதிரில் இருப்பவர்களும் கிசுகிசுப்பார்கள். காய்கறிக்காரம்மா என் காதருகே குனிந்து, "கத்திரிக்கா இன்னைக்கிப் பிஞ்சா இருக்கு" என்று என்னமோ ரகசியம் போலச் சொல்லுவார். போனில் என் தம்பியும் அப்படித்தான். வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று மெல்லிய குரலில், "காப்பி இருக்கா?" என்பார். முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. பிறகு அழுகைதான் வந்தது. ஒரு சாயங்காலம் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பழையபடி என்னைய ஒருதரம் கத்தேன். வீடு என்னமோ போல இருக்கு" என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

கல்லூரி திறந்ததும் இடுப்பில் மாட்டுகிற சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். அது என் மூச்சைத்தான் பெரிதாக்கியது, பேச்சை அல்ல. தக்காளி விற்கிற ஆட்டோவில் ஒலிபெருக்கி கெட்டுப்போனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிள்ளைகள் பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் கரும்பலகையில் எழுதுவேன், அவர்கள் பார்த்து எழுதுவார்கள், மணி அடிக்கும். ஆசிரியை என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. அந்த செமஸ்டரோடு வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பிள்ளைகளிடம் பேசாத ஆசிரியையாக இருப்பதற்குத் தோட்டத்தில் திராட்சைக் குலை வெட்டலாம்.

எங்கள் கல்லூரியில் ஒரு பழக்கம் உண்டு. வியாழக்கிழமை மதியம் எல்லாத் துறைக்காரர்களும் நூலகத்துக்குப் பின்னால் புங்கமரத்தடியில் மேசைகளை ஒட்டிப் போட்டு ஒன்றாகச் சாப்பிடுவோம். வாரம் ஒருவர் தன் பாடத்திலிருந்து எதையாவது சொல்ல வேண்டும். அடுத்த துறைக்காரருக்குப் புரியாத வார்த்தை ஒன்று வாயிலிருந்து விழுந்துவிட்டால், அடுத்த வாரம் எல்லாருக்கும் அவர் வீட்டுப் பலகாரம். அதிரசமும் முறுக்கும் அதிகம் சுமந்தது நானாகத்தான் இருக்கும். எங்கள் பாடத்தில் வாயைத் திறந்தாலே அப்படிப்பட்ட வார்த்தைதானே வருகிறது!

நான் அப்படி முடிவு செய்த வாரம் என் முறை. எள்ளுருண்டையை முன்கூட்டியே செய்து எடுத்துப் போயிருந்தேன். பக்கத்தில் தமிழ்த்துறை அக்கா. அவர் காதில், "இதுதான் என்னோட கடைசிப் பலகாரம், இந்த செமஸ்டரோட நிப்பாட்டிக்கிறேன்" என்று மூச்சுவிட்டேன். அவர் நிமிர்ந்து, "ஏத்தா, வேலைய விடப் போறாளாம்!" என்று மேசைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார். அதோடு நிற்கவில்லை. நான் அவர் காதில் ஊதின காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாக உரக்க எடுத்துச் சொன்னார். "பலகையில எழுதிப் போட்டுட்டு வர்றதுக்கு எதுக்கு ஒரு டீச்சருங்கிறா." "பிள்ளைக மூஞ்சியப் பாக்க முடியலங்கிறா." யாரும் சாப்பிடவில்லை.

அப்போதுதான் எதிரில் இருந்த வணிகவியல் சார் வாயைத் திறந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருக்கிற குடும்பம் அவருடையது. அவர் வகுப்பறைக்கும் என் வகுப்பறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். என் குரல் அந்தப் பக்கம் போகும். எங்கள் ஆய்வகத்தின் அழுகிய முட்டை நாற்றமும் போகும். இரண்டுக்குமாகப் பல வருடங்கள் சண்டை போட்டிருக்கிறோம். "மேடம், நீங்க அங்கன கேள்வி கேட்டா எங்க பிள்ளைக இங்கன பதில் சொல்லுதுக. நான் என்ன கணக்கு நடத்துறது?" என்று முதல்வர் அறை வரைக்கும் போயிருக்கிறார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். குரல் போன பிறகு என்னிடம் கிசுகிசுக்காத ஒரே ஆள் அவர்தான். வழக்கம்போலக் கத்தித்தான் பேசுவார்.

"அக்கா, இப்ப அவக சொன்னத நீங்க எங்களுக்குச் சொன்னீகள்ல? அதையே கிளாஸ்ல செஞ்சா என்ன?" என்றார்.

"நான் தமிழ் வாத்தியார். வேதியியலுக்கு நான் எங்குட்டுப் போக?"

"அவக சொல்றதத் திருப்பிச் சொல்றதுக்கு வேதியியல் எதுக்கு? வாய் போதும். அந்த நேரம் எனக்கு வகுப்பு கெடையாது, நான் போறேன்." என்னைப் பார்த்து, "இத்தன வருசமா செவுத்துக்கு அங்கிட்டு இருந்து ஒங்க பாடத்தக் கேட்டுக்கிட்டுத்தான மேடம் இருக்கேன்? ஒரு எழவும் புரிஞ்சதில்ல. ஆனா இப்பச் சத்தமே இல்லாம எங்க கிளாஸு வெறிச்சுன்னு கெடக்கு. பிள்ளைக தூங்குதுக" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் வேண்டுமானாலும் வரட்டும், இவர் வரக்கூடாது என்று தோன்றியது. முடியாது என்று தலையாட்டினேன். அதற்குள் மேசை முழுக்கப் பேச்சு பற்றிக்கொண்டது. அவர் என் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாதே, அதற்கு என்ன வழி என்று ஒருவர் கேட்டார். குமுளியிலிருந்து வருகிற, மலையாளம் கலந்து பேசுகிற இயற்பியல் சார், "அது பிரச்னையே இல்ல டீச்சரே. நீங்க போன் பண்ணுங்க. இவரு இயர்போன்ல கேக்கட்டும்" என்றார். ஒரே அறைக்குள் நின்றுகொண்டு போனில் பேசுவதா! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததை அவர்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். பாடம் நடந்தால் சரி என்று முதல்வரும் சொல்லிவிட்டார்.

முதல் நாள் வினையூக்கிப் பாடம். ஒரு வேதிவினையை வேகமாக நடக்க வைக்கிற பொருளுக்கு அந்தப் பெயர். நான் பலகைக்குப் பக்கத்தில், காதில் இயர்போன். அவர் மேசைக்கு அந்தப் பக்கம், காதில் இயர்போன். பிள்ளைகள் என்ன நடக்கப் போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சுக்குள் சொன்னதை அவர் கணீரென்று சொன்னார்.

"ரெண்டு பொருள் வினை புரியிது. மெதுவா நடக்குது. மூணாவதா ஒண்ணக் கொஞ்சூண்டு சேத்தா, வேகமா நடக்குது. அதான் வினையூக்கி." சொல்லிவிட்டு நின்றார். என் பக்கம் திரும்பினார். "இருங்க மேடம். அந்த மூணாவது ஆளு கடைசியில என்ன ஆவாரு?"

பாடத்துக்கு நடுவில் என்னை யாரும் இப்படி நிறுத்தியதில்லை. ஒன்றும் ஆகமாட்டார், வேலை முடிந்ததும் வந்தபடியே திரும்பிவிடுவார் என்று போனில் சொன்னேன்.

"ஓ! அப்ப எங்க மண்டித் தரகர் மாதிரின்னு சொல்லுங்க. வாங்குறவரையும் விக்கிறவரையும் சேத்துவச்சுட்டு ஒதுங்கிக்கிருவாரு."

ஆமாம் சார், ஆனால் இவர் கமிஷன் வாங்க மாட்டார் என்றேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். "கமிஷன் வாங்காத தரகரா! தலைமுறை தலைமுறையா மண்டி வச்சிருக்கோம். அப்பிடி ஒருத்தர நான் பாத்ததே இல்லையே மேடம்!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. போடிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிற குடும்பத்துப் பெண் ஒருத்தி எப்போதும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் குரலை அதுவரை நான் வருகைப் பதிவில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். சிரிப்பு அடங்கியதும் அவள் எழுந்தாள். "சாரே கேட்டுட்டாக. அதனால நானும் ஒண்ணு கேக்குறேன் மேடம். நடக்கவே நடக்காத வினைய அந்தத் தரகர் நடத்திவச்சிருவாரா?"

நல்ல கேள்வி. சொல்லப்போனால் அந்தப் பாடத்தின் மையமே அதுதான். நடக்காததை நடத்த அவரால் முடியாது, நடக்கக்கூடியதைச் சீக்கிரம் நடக்க வைப்பார், அவ்வளவுதான் என்று சொன்னேன். சார் அதை உரக்கச் சொல்லிவிட்டு, "நியாயமான ஆளுதான்" என்று சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு மணி அடித்தபோது யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு என் வகுப்பு ஊர்ப் பொதுவாகிவிட்டது. வணிகவியல் சாருக்கு வேலை இருக்கிற நாளில் வேறு யாராவது வருவார்கள். தமிழ்த்துறை அக்கா வந்தால் நான் சொல்வது இன்னும் அழகான தமிழாக மாறி வெளியே போகும். இயற்பியல் சார் வந்த அன்றுதான் வகுப்பு தூங்கிவிட்டது. அவருக்குப் பாடம் தெரியுமே! நான் ஒரு வரி சொன்னால் அவர் பத்து வரி சேர்த்து அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், நான் பொம்மை மாதிரி நின்றேன். "எனக்கெல்லாம் தெரிஞ்சு போச்சல்லோ டீச்சரே. அதுதான் குழப்பம். தெரியாதவங்கள விடுங்க" என்று அவரே விலகிக்கொண்டார். தெரியாதவர் நின்று கேட்கும்போதுதான் பிள்ளைகளும் தங்களுக்குத் தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்டார்கள். பெரிய மனிதரான சாருக்கே புரியவில்லையாம், நமக்கு என்ன வெட்கம் என்று நினைத்திருப்பார்கள். முன்பெல்லாம் நான் அவர்களுக்கு இடைவெளியே விடமாட்டேனாம். ஒரு பையன் அதை என் முகத்துக்கு நேரே சொன்னான். சிரித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய?

உடற்கல்வி இயக்குநர் குச்சனூர்க்காரர், பழைய கபடி ஆட்டக்காரர். அவர் பாடம் நடத்த வரவில்லை. மூச்சுக்கு வந்தார். "டாக்டர் குடுத்த பயிற்சியச் செஞ்சு காட்டுங்க மேடம்" என்றார். காட்டினேன். "மூச்சு நெஞ்சுலயே நிக்குது. வயித்துல இருந்து வரணும். கபடி பாடிப் போறவன் இப்பிடி மூச்சுப் பிடிச்சா நடுக்கோட்டக்கூடத் தாண்ட மாட்டான்" என்றார். மதுரையில் கேட்டுப் பார்த்தேன், அவர் சொல்வது சரிதான், செய்யுங்கள் என்றார்கள். அதிலிருந்து தினமும் காலையில் ஓய்வறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் "கபடி கபடி" என்று ஒரே மூச்சில் ஊதுவேன். தமிழ்த்துறை அக்கா வாசலில் காவல் நிற்பார். உள்ளே என்ன சத்தம் என்று யாராவது கேட்டால், "மேடம் ரெய்டு போயிருக்காக" என்பார்.

வேலையை விடுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் மறந்து போயிருந்தேன் என்று சொன்னால் அது பொய். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ஒரு "ஆ" சொல்லிப் பார்ப்பேன். காற்று. மறுநாளும் காற்று. இப்படியே எத்தனை நாள் அடுத்தவர் வாயைக் கடன் வாங்குவது என்ற எண்ணம் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அப்புறம் வகுப்புக்குப் போவேன், சார் எதையாவது கேட்பார், மறந்துவிடுவேன்.

கோடை விடுமுறை கழிந்து கல்லூரி திறந்தபோது சாரல் பிடித்திருந்தது. குரலில் கொஞ்சம் கனம் ஏறினாற்போல எனக்கே ஒரு சந்தேகம். டாக்டரும் முன்னேற்றம் தெரிகிறது என்றார். நம்பினால் ஏமாந்துவிடுவோமோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டாம் ஆண்டுக்கு வந்திருந்தார்கள். சமநிலைப் பாடம் ஆரம்பித்திருந்தோம். வினை முன்னாலும் நடக்கும், பின்னாலும் நடக்கும், இரண்டும் ஒரே வேகத்தில் போனால் பார்க்கிறவருக்கு எல்லாம் நின்றுபோனது போலத் தெரியும் என்று சொன்னேன். "எங்க மண்டி அடுக்கு மாதிரி! மூட்ட வந்துக்கிட்டே இருக்கும், போய்க்கிட்டே இருக்கும். பாக்கறவனுக்கு அடுக்கு அப்பிடியேதான் இருக்கும்" என்றார் சார். அதற்கு மேல் நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. சரி, அந்தச் சமநிலையில் யாராவது கை வைத்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். மணி அடித்துவிட்டது. நாளைக்கு என்றேன்.

மறுநாள் காலை பழனிசெட்டிபட்டி நிறுத்தத்தில் நான் போய்ச் சேர்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. மழைத் தூறல், கையில் குடை, தோளில் பை. யோசிக்கவே இல்லை.

"ஏப்பா, நிப்பாட்டு!"

பஸ் நின்றது. நானும் நின்றுவிட்டேன். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "அதான் நிப்பாட்டிட்டோம்ல, எதுக்கும்மா இந்தக் கத்துக் கத்துறீக? ஏறுங்க" என்று சள்ளென்று விழுந்தார். என் கத்தலுக்குத் திட்டு வாங்கி எவ்வளவு நாளாயிற்று! அழுதுகொண்டே ஏறினேன். அந்த மனிதர் பயந்துபோய், "ஒண்ணும் சொல்லலம்மா, ஒக்காருங்க" என்று தன் இடத்தைக் கொடுத்தார்.

உட்கார்ந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "மோட்டாரை அணைக்காமப் போயிட்டீங்க. தொட்டி வழிஞ்சு வாசலெல்லாம் தண்ணி. ஒரு நாளாவது புத்தி இருக்கா?" என்று கத்தினேன். குரல் கரகரவென்று உடைந்து உடைந்துதான் வந்தது. ஆனால் குரல்தான். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "திட்டு. இன்னும் திட்டு" என்றார்.

வகுப்புக்குப் போனேன். சார் வழக்கம்போல இயர்போனை மாட்டிக்கொண்டு என் போனுக்குக் காத்திருந்தார். "இன்னைக்குப் போன் வேண்டாம் சார்" என்றேன்.

அவர் கை காதிலேயே நின்றுவிட்டது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வணிகவியல் வகுப்பிலிருந்து, "டேய்! மேடத்துக்குக் கொரலு வந்துருச்சுடோய்!" என்று ஒரு கூச்சல். அப்புறம் இரண்டு பக்கமும் மேசையைத் தட்டிய தட்டில் தடுப்பே விழுந்துவிடும் போலிருந்தது. ஜன்னலோரத்துப் பெண் முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டு தேம்பினாள். எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. வந்த குரல் மறுபடியும் போய்விடப் போகிறது என்று பயந்தே போனேன்.

சார் இயர்போனைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய், பையன்களை நகரச் சொல்லி உட்கார்ந்தார். "நேத்துப் பாதியில விட்டுட்டீக மேடம். கை வச்சா என்ன ஆகும்னு தெரியாம நான் எங்குட்டுப் போறது? நடத்துங்க" என்றார்.

நடத்தினேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடத்தினேன்.

மணி அடித்தபின் வராந்தாவில் அவரை நிறுத்தினேன். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவர் என் வகுப்புக்கு வந்த முதல் நாள் நடத்திய வினையூக்கிப் பாடம்தான் வாயில் வந்தது. "கமிஷன் வாங்காத தரகரைப் பாத்ததே இல்லைன்னு சொன்னீங்களே சார். நான் பாத்துட்டேன். அது நீங்கதான்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். தலையை இல்லையென்று ஆட்டினார்.

"தப்பு மேடம். வேல முடிஞ்சதும் அந்தாளு வந்தபடியே திரும்பிப் போயிருவாருன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீக? நான் அப்பிடியா போறேன்? இப்ப என் கிளாஸ்லயும் பிள்ளைக எந்திரிச்சுக் கேள்வி கேக்குதுக. நேத்து ஒருத்தன் கேட்டதுக்குப் பதில் தெரியாம முழிச்சேன். தெரியலடா, ரெண்டு பேரும் சேந்து பாப்போம்னேன். இத்தன வருசத்துல இப்பிடி ஒரு வார்த்த என் வாயில வந்ததில்ல." சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு, "வாங்கவேண்டிய கமிஷன் வாங்கியாச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அழுகிய முட்டை நாற்றத்துக்கு இப்போதும் சண்டை போடுகிறோம். என் குரல் பழையபடி முழுதாக வரவில்லை, கொஞ்சம் கரகரப்பு தங்கிவிட்டது. அதனால் பேச்சின் நடுவே நின்று நின்றுதான் போகிறேன். அந்த இடைவெளியில் எந்தப் பிள்ளை எழுந்து நின்றாலும், அந்த நாட்களில் எனக்குக் குரல் கொடுத்த அத்தனை பேரும் கூடவே எழுந்து நிற்பது போலத்தான் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.